மணாலி – லே: நாற்பது குதிரையும் மெல்லிய காற்றும்

முதல் நாள்: சண்டிகர் – மணாலி

பைக்குகள் ரெண்டும் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் வந்து சேர்ந்துவிட்டன. சாக்கைப் பிரித்து, கண்ணாடிகளை மாட்டி, பக்கத்து பங்க் வரை தள்ளிக்கொண்டு போய்ப் பெட்ரோல் போட்டதற்குள் வெயில் ஏறிவிட்டது. பார்சலில் ஏற்றும்போது டேங்கைக் காலி செய்துதான் கொடுக்க வேண்டும் என்பதால் இந்தத் தள்ளுவேலையைத் தவிர்க்க முடியாது. 196 கிலோ என்று காகிதத்தில் படித்தது எவ்வளவு என்று அந்த நூறு அடியிலேயே தெரிந்தது.

ரெண்டுமே ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். என்னுடையது 2023 கடைசியில் வந்த 450. கூட வருகிற மைத்துனனுடையது அதற்கு முந்தைய 411. பெயர் ஒன்று, முன்பக்க 21 அங்குலச் சக்கரம் ஒன்று, எடைகூட மூன்று கிலோதான் வித்தியாசம். உள்ளே மட்டும் எதுவும் ஒட்டாது. பழையதன் இன்ஜினில் பிஸ்டனின் விட்டம் 78 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 86. அதாவது லாங் ஸ்ட்ரோக். மெதுவாகச் சுற்றி இழுக்கிற ஜாதி. புதியதில் 84க்கு 81.5, நாலு வால்வு, ரெண்டு கேம் ஷாஃப்ட், தண்ணீர்க் குளிரூட்டல். சுற்றச் சுற்றத்தான் இதற்கு உற்சாகம். பழையது 24.3 குதிரைத்திறன், புதியது 40.

இந்த நாற்பதை வைத்துத்தான் ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் சண்டை. "மாமா, இமயமலையில முப்பது கிலோமீட்டர் வேகத்துல போறதுக்கு நாப்பது குதிரை எதுக்கு?" என்பான் அவன். நியாயமான கேள்வி. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை இந்தப் பயணம்.

இந்த மாதிரி வண்டிகளை மிடில்வெயிட் என்கிறார்கள், ஆனால் எதை அப்படிச் சொல்வது என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு. ஐரோப்பாக்காரர்களுக்கு 650 முதல் 900 சிசி வரை. நம் ஊரில் 250ஐத் தாண்டினாலே நடுத்தர வரிசையில் உட்காரவைத்துவிடுகிறோம். எனக்கு சிசி கணக்கு முக்கியமில்லை. கீழே விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்த முடிய வேண்டும், நெடுஞ்சாலையில் நூறில் நாள் முழுக்க ஓட வேண்டும், கல்லும் மணலும் வந்தால் முகம் சுளிக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஓரளவுக்குச் செய்கிற வண்டிதான் என் அகராதியில் நடுத்தர வண்டி. "ஓரளவுக்கு" என்பதை அழுத்திப் படிக்கவும்.

இன்று முழுக்க நெடுஞ்சாலைதான். கீரத்பூர் தாண்டியதும் நாலுவழிச் சாலையும் சுரங்கங்களுமாக வந்துவிட்டது. முன்பு பிலாஸ்பூர் வழியாக லாரிகளுக்குப் பின்னால் புகை தின்றுகொண்டே போனவர்களுக்கு இது நம்ப முடியாத மாற்றம். ஆறாவது கியரில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் 450 அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது, முந்துவதற்குக் கைவசம் இன்னும் இருக்கிறது. 411க்கு அஞ்சு கியர்தான். எண்பது, தொண்ணூறு அதற்கு வசதி. அதற்கு மேல் போனால் ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்ட்டும் நடுங்க ஆரம்பிக்கும். மைத்துனன் எண்பதிலேயே வந்தான். நான் அங்கங்கே நின்று காத்திருந்தேன். பண்டோ அணை, ஆவுட் சுரங்கம், குல்லு. இருட்டுவதற்குள் மணாலி.

சண்டையில் இன்று எனக்கு ஒரு புள்ளி. ஆனால் இது இமயமலைச் சாலை கணக்கில் வராது என்கிறான். சரி.

இரண்டாம் நாள்: மணாலி – ஜிஸ்பா

இன்று சொல்வதற்கு அதிகம் இல்லை. அடல் சுரங்கம் 9.02 கிலோமீட்டர், பத்து நிமிஷத்தில் லாஹோல் பள்ளத்தாக்கு. 2020 அக்டோபரில் இது திறக்கும் வரை ரோத்தாங் கணவாயைச் சேறும் பனியுமாக ஏறி இறங்கித்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். மணாலிப் பக்கம் தேவதாரு மரமும் மழை மேகமும். மறுவாயில் வெளியே வந்தால் வெளிர்நீல வானமும் மொட்டை மலையும்.

தாண்டி என்ற ஊரில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கலக்கின்றன. அங்கேதான் பைக்காரர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று பலகை சொல்லும். டேங்கின் அளவு என்பது டிசைன்காரர்களுக்கு ஒரு தலைவலி. பெரிதாக வைத்தால் எடை மேலே ஏறும், முழங்காலுக்கு நடுவே அகலம் கூடும், நின்று ஓட்ட முடியாது. சிறிதாக வைத்தால் இந்த மாதிரிப் பலகைக்கு முன்னால் பயம் வரும். 450இல் 17 லிட்டர். லிட்டருக்கு 28 கிடைத்தாலே 450 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மேட்டில் முதல் கியரிலேயே ஊர்ந்தாலும் லே வந்துவிடும் என்ற தைரியம் இருந்தது. 411இல் 15 லிட்டர். அவன் அஞ்சு லிட்டர் கேன் ஒன்றை டேங்கின் பக்கவாட்டுக் கம்பியில் கட்டிக்கொண்டான். அந்தக் கம்பி வைத்ததே அதற்குத்தான்.

கேலாங்கைத் தாண்டி ஜிஸ்பாவில் தங்கல். உயரம் சுமார் 3,200 மீட்டர். உடம்பு பழகட்டும் என்று வேண்டுமென்றே சீக்கிரம் நிறுத்திவிட்டோம். நாளை முதல் லே வரை செல்போன் சிக்னலை நம்ப முடியாது, அதனால் அடுத்த ரெண்டு நாள் எழுதுவது தாமதமாகத்தான் வரும்.

மூன்றாம் நாள்: ஜிஸ்பா – சர்ச்சு

காலை அஞ்சரைக்கே கிளம்பினோம். காரணம் நாலாக்கள். மேலே உருகும் பனி சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுவதைத்தான் இங்கே நாலா என்கிறார்கள். இரவு முழுக்க உறைந்துகிடப்பதால் காலையில் கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏற முழங்கால் வரை வரும், ஓட்டமும் சேரும். தார்ச்சா தாண்டி ஜிங்ஜிங்பாரை நெருங்கும்போது முதல் நாலா.

தண்ணீருக்கு அடியில் இருப்பது உருண்டைக் கற்கள். தேங்காய் அளவு, சில அதைவிடப் பெரிசு. கண்ணுக்குத் தெரியாது. இங்கேதான் 21 அங்குல முன்சக்கரத்தின் அருமை புரியும். 17 அங்குலச் சக்கரம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இறங்கிப் போய் முட்டும். பெரிய சக்கரம் கல்லைச் சாய்வாகச் சந்தித்து ஏறிப் போய்விடும். அதற்கு விலை உண்டு. பெரிய சக்கரம் திரும்புவதற்குச் சோம்பேறி. 90 மில்லிமீட்டர் அகலமே உள்ள டயர் தார்ச்சாலை வளைவில் அகல டயர் தரும் நம்பிக்கையைத் தராது. நேற்று வரை இது ஒரு குறையாகத் தெரிந்தது. இன்று காலை ஆறரை மணிக்கு அது குறையாகத் தெரியவில்லை.

சஸ்பென்ஷனும் இதே கதைதான். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் பயணம். நெடுஞ்சாலையில் முன் பிரேக்கை அழுத்தினால் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும், பழக்கமில்லாதவர்களுக்குத் திக்கென்று இருக்கும். அதே 200 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் விழுந்த சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே 230 மில்லிமீட்டர் இடைவெளி. அதனால் சீட் 825 மில்லிமீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. சராசரித் தமிழனுக்கு ரெண்டு குதிகாலும் தரையில் படாது. சீட்டின் முன்பகுதியை ஒடுக்கமாக வைத்திருப்பதால்தான் ஒரு காலையாவது முழுதாக ஊன்ற முடிகிறது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும், யாரோ உட்கார்ந்து எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் போகிற வண்டி என்றால் எல்லா இடத்திலும் ரெண்டாவதாக வருவதற்குச் சம்மதித்த வண்டி என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைத்துவிட்டேன். சரளையில் இறங்கும்போது பின்சக்கரம் கொஞ்சம் இழுபட்டால்தான் வண்டி நிற்கும். ஏபிஎஸ் இருந்தால் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். முன்சக்கரத்துக்கு மட்டும் எப்போதும் இருக்கும், அதை அணைக்க முடியாது. அதுவே நல்லது.

நாலாவில் ஜெயித்தது யார் என்று கேட்டால், 411. ஆமாம். ஆயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) முதல் கியரில் விட்டுவிட்டால் டுக் டுக் என்று கல் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது, மைத்துனன் கிளட்சைத் தொடவே இல்லை. 450இல் அதைச் செய்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். மூவாயிரத்துக்குக் கீழே அதற்கு மனசே இல்லை. பாதிக் கிளட்ச் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சீராக முறுக்கி வைத்து, நின்றபடியே ஓட்ட வேண்டும். அப்படிச் செய்தால் அழகாகப் போகிறது. ஆனால் செய்ய வேண்டியிருக்கிறது. அக்கரையில் காத்திருந்தவன் ஹெல்மெட்டுக்குள் சிரித்தது எனக்குத் தெரியாமல் இல்லை.

சூரஜ் தால் ஏரி ஓரங்களில் இன்னும் உறைந்திருந்தது. பாரலாச்சா லா (லா என்றால் கணவாய்), 4,890 மீட்டர். முதல் தடவையாக 450இன் மூச்சு மாறியது இங்கேதான். மூன்றாவது கியரில் ஏற வேண்டிய மேட்டில் ரெண்டாவதுக்கு இறங்கினேன். அதைப் பற்றி நாளை.

சர்ச்சு கூடாரத்தில் இருக்கிறோம். மைத்துனனுக்குத் தலைவலி. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். பேனா மை குளிரில் உறைந்ததால் பென்சிலில் எழுதுகிறேன்.

நான்காம் நாள்: சர்ச்சு – லே

இன்றுதான் சண்டைக்குத் தீர்ப்பு நாள்.

சர்ச்சு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காட்டா லூப்ஸ். 21 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. வழியில் இறந்துபோன லாரி கிளீனர் ஒருவருக்காகத் தண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டுப் போகும் ஒரு சின்ன மேடை இருக்கிறது. தாகத்தால் இறந்தார் என்று கதை. பாட்டில்கள் மலையாகக் குவிந்துகிடக்கின்றன. நாங்களும் ஒன்று வைத்தோம், நம்பிக்கை இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

முதல் நாலைந்து வளைவுகளில் மைத்துனன் பின்னால் இருந்தான். அப்புறம் கீழே ரெண்டு அடுக்குத் தள்ளித் தெரிந்தான். உச்சியில் நான் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, படம் எடுத்து முடித்த பிறகுதான் வந்தான்.

காரணம் காற்று. இன்ஜினின் சக்தி பெட்ரோலால் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்பதுதான் அளவுகோல், பெட்ரோல் அதற்கேற்ப ஊற்றப்படுவதுதான். இன்று வழியில் வரும் டாங்லாங் லாவின் 5,328 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அங்கே தன் சக்தியில் நாற்பது சதவீதத்தை இழந்துவிடும், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். பழைய கார்புரேட்டர் வண்டிகள் காற்று குறைந்தது தெரியாமல் பெட்ரோலை அதே அளவில் ஊற்றிக் கரும்புகை கக்கும். இப்போது சென்சார் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. புகை வராது. போன சக்தியும் வராது.

இப்போது கணக்குப் போடுங்கள். நாற்பதில் நாற்பது சதவீதம் போனால் 24. அதாவது டாங்லாங் லாவில் என் 450இடம் இருப்பது, 411இடம் சென்னையில் இருக்கிற சக்தி. அப்படியானால் 411இடம் அங்கே எவ்வளவு மிச்சம்? பதினாலு, பதினஞ்சு. சமவெளியில் ஒரு 150 சிசி வண்டிக்கு இருக்கிற சக்தியை வைத்துக்கொண்டு 199 கிலோ வண்டி, அதன் மேல் ஓர் ஆள், முப்பது கிலோ மூட்டை.

நாகீ லா, லாச்சுங் லா என்று ஏறி இறங்கிப் பாங்கில் மேகி சாப்பிடும்போது இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப நாப்பது குதிரை வேகத்துக்கு இல்ல, மாமா. பாதியை மலை பிடுங்கிக்கும்னு தெரிஞ்சு வச்சது." அவ்வளவுதான். நான் ஒரு வருஷமாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

அந்தச் சக்தியை வாங்க 450இல் ஒன்று செய்ய வேண்டும், முறுக்க வேண்டும். 40 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சக்கரத்தைத் திருப்பும் விசை) 5,500 ஆர்பிஎம்மில் வருகிறது, குதிரைத்திறன் உச்சம் 8,000இல். புல்லட்டில் பழகியவர்களுக்கு 5,500 என்பது இன்ஜின் வெடிக்கப் போகிற சத்தம். மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு கியர் குறைத்து அங்கேயே வைத்திருந்தால், மூச்சு வாங்காமல் ஏறுகிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற ஈகோ மோடை இந்த உயரத்தில் மறந்துவிடுங்கள். ஏற்கெனவே சோர்ந்திருக்கிற இன்ஜினை இன்னும் சோம்பலாக்கும்.

சூடு பற்றி ஒரு பயம் இருந்தது. காற்று மெலிந்தால் ரேடியேட்டரின் வேலையும் கஷ்டம், தண்ணீரும் இங்கே 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் ரேடியேட்டர் மூடியும் நம் குக்கர் மூடியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட், அதாவது குளிரூட்டும் திரவம், அவ்வளவு சுலபமாகக் கொதிக்காது. ஏற்றத்தில் ஃபேன் அடிக்கடி ஓடியது. வேறொன்றும் இல்லை.

மோரே சமவெளியில் 4,700 மீட்டர் உயரத்தில் ரன்வே மாதிரி நேர்ச்சாலை. மதியத்துக்கு மேல் பக்கவாட்டுக் காற்று. கனமான வண்டி என்பது இங்கே ஒரு வரம், ரெண்டு வண்டியுமே அதிகம் அசையவில்லை. டாங்லாங் லாவில் படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிட்டோம். அங்கே நின்று ரசிக்கிறவர்கள் மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரும்ட்சே, கியா, உப்ஷி. சிந்து நதி கூடவே வர, இருட்டிய பிறகு லே.

ஐந்தாம் நாள்: லே

ஓய்வு. செயினைக் கழுவி எண்ணெய் விட்டேன், ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிச் சத்தம் கேட்டேன். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது, இறுக்கியாயிற்று. 411இன் பின்சக்கரத்தில் ஆணி. ட்யூப் உள்ள சக்கரம், கழற்றி டயரை நெம்பி எடுத்து ஒட்டுவதற்குள் ஒரு மணி நேரம் போனது, 3,500 மீட்டரில் டயர் லீவரோடு மல்லுக்கட்டுவது நல்ல உடற்பயிற்சி. என்னுடையது ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம். ஸ்போக்குகள் ரிம்மின் நடுவில் துளை போடாமல் ஓரங்களில் பொருந்துவதால் காற்று கசிய வழியில்லை. ஆணி என் டயரில் ஏறியிருந்தால் பிடுங்கிவிட்டுத் திரியைச் செருகி பத்து நிமிஷத்தில் முடித்திருப்பேன். ஆனால் ரிம்மே கல்லில் அடிபட்டு நசுங்கினால் ட்யூப்லெஸ் காற்றைப் பிடிக்காது. அதற்காக ஒரு ட்யூபைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஆறாம் நாள்: லே – கர்துங் லா – டிஸ்கிட்

இன்று வண்டியை மாற்றிக்கொண்டோம். அவன்தான் கேட்டான்.

லேயிலிருந்து கர்துங் லா 39 கிலோமீட்டர். வழியில் உள்ள சவுத் புல்லு சோதனைச் சாவடி வரை நல்ல தார், அதற்கு மேல் உடைசலும் சேறும். உச்சி 5,359 மீட்டர். 411 மேல் உட்கார்ந்ததும் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. சீட் தாழ்வு, ரெண்டு காலும் தரையில். சவுத் புல்லுவுக்கு மேல் முதல் கியர், சில இடங்களில் முதல் கியரிலும் கிளட்சைக் கொஞ்சம் கடித்துத்தான். ஒரு ராணுவ லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முந்துவதற்கு இடம் இருந்தும் முந்தும் சக்தி இல்லாமல், டீசல் புகையிலேயே நாலைந்து வளைவுகள் வந்தேன். இந்த உயரத்தில் முந்த முடியாமல் போவது வேகப் பிரச்சினை இல்லை. இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் லாரி சைலன்சரோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

உச்சியில் அவன் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். லாரியை எப்போது தாண்டினான் என்றே தெரியவில்லை. எப்படி என்று கேட்டேன். ஏறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பிரேக்கும் ஃபோர்க்கும் நல்லாருக்கு மாமா" என்றான். முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க், 43 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்). சேற்றில் சட்டென்று பிடித்தாலும் ஹேண்டில்பார் நெளியவில்லையாம். குதிரையைப் பற்றிப் பேசுவதைக் கவனமாகத் தவிர்க்கிறான் என்று புரிந்தது. நானும் கேட்கவில்லை.

நார்த் புல்லு வரை இறக்கத்திலும் மாற்றவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வேகத்தைக் குறைப்பதை இன்ஜின் பிரேக்கிங் என்பார்கள், அது 411இல் நன்றாகவே இருந்தது. ஆனால் அவசரமாக ரெண்டு கியர் இறக்கியபோது பின்சக்கரம் ஒரு துள்ளு துள்ளியது. 450இல் அது நடக்காது. இன்ஜின் பிடியும் சக்கரத்தின் வேகமும் ஒத்துவராதபோது ஸ்லிப்பர் கிளட்ச் தானே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஈரச் சரளையில் இறங்கும்போது இது பெரிய உதவி.

டிஸ்கிட் வந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுப்பான் என்று நினைத்தேன். ஹுண்டர் மணல் மேடு வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்று 450ஐயே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மணலில் மூவாயிரத்துக்கு மேலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நாளை ஷ்யோக் வழியாகப் பாங்காங், அந்த வழியிலும் நாலாக்கள் உண்டாம். நாலாவுக்கு எனக்கு 411தான் வேண்டும் என்று இப்போதே சொல்லிவைக்கப் போகிறேன்.